தொண்டுக்கும் உரிமம் வேண்டுமோ?

நோயுற்றார்க்கு மருந்தளித்தல் அறங்களுள் தலையாயது என்பது நம் முன்னோர் கொள்கை. அறஞ்செய்ய விரும்புவோர் பொதுவாக எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. பசித்தோர்க்குச் சோறிடுவதற்கும், வழிப்போக்கர்க்குத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதற்கும் பட்டமோ பதிவோ வேண்டுவதில்லை. ஆனால் மருந்து மட்டும் அவ்வாறன்று. அளவறிந்து கொடுத்தால் அஃது அமுதம். அறியாது கொடுத்தால் நஞ்சு. ஆகவே, ஒரு காசும் பெறாது மருத்துவத் தொண்டு செய்ய முன்வருவோரையும் அரசாங்கம், "உமக்கு இதைச் செய்யும் தகுதி உண்டா?" என்று கேட்கிறது. கேட்பது நியாயமே. ஆயினும், தகுதியுடையோர் ஒருவரும் எட்டிப் பாராத ஊரில் அக்கேள்வியே ஏழைக்கும் மருந்துக்கும் இடையே சுவராக எழுந்து நிற்பதும் உண்டு. இவ்விரண்டு உண்மைகளுக்கும் நடுவே நம் நாடு நூறாண்டுகளுக்கு மேலாக எவ்வாறு வழி தேடி வந்திருக்கிறது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதும் யான் மருத்துவனும் அல்லன், வழக்கறிஞனும் அல்லன், பள்ளி இறுதித் தேர்வு வரை படித்து, இந்த நாகபுரியில் இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங் கழிக்கும் ஓர் எழுத்தன். எனினும், விதிகளோடு பழகுவதே என் பிழைப்பு. வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் சங்கங்கள் ஆண்டு விழாவையொட்டி இலவச மருத்துவ முகாம் நடத்துவது வழக்கமாதலால், இவ்வரலாறு நம் அன்பர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

பதிவேடு பிறந்த வரலாறு

பழங்காலத்தில் நம் ஊர்களில் நாட்டு வைத்தியரும், மருத்துவச்சியும், முறிந்த எலும்புக்குக் கட்டுப் போடுவோரும் இருந்தனர். இவர்தம் தகுதிக்கு ஊராரின் நம்பிக்கையே சான்று. கைராசியுடையவரை மக்கள் நாடினர். இல்லாதவரை விட்டு விலகினர். இம்முறையில் நன்மையும் இருந்தது, பேராபத்தும் இருந்தது. விலகுவதற்கு முன் எத்தனை உயிர் போயிற்று என்று கணக்கிடுவார் இலர்.

இங்கிலாந்தில் 1858-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மருத்துவச் சட்டம், தகுதி பெற்ற மருத்துவர்களின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதும் முறையைத் தோற்றுவித்தது. அதனைப் பின்பற்றி, பம்பாய் மாகாணத்தில் 1912-ஆம் ஆண்டிலும், வங்காளத்திலும் சென்னையிலும் 1914-ஆம் ஆண்டிலும் மருத்துவப் பதிவுச் சட்டங்கள் வந்தன. போலிப் பட்டங்களை வழங்குவதையும் சூடிக்கொள்வதையும் தடுக்க 1916-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவப் பட்டங்கள் சட்டம் பிறந்தது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்நாளைய பதிவுச் சட்டங்கள் பதிவு பெறாதவரை வைத்தியமே செய்யக் கூடாது என்று தடுக்கவில்லை. பதிவு பெற்றவர்க்குச் சில சிறப்புரிமைகளை அளித்தன, அவ்வளவே. ஆனால் பதிவு பெற்ற மருத்துவர், பதிவு பெறாதவர்க்குத் தம் பெயரைக் கவசமாகக் கொடுத்தல் ஒழுக்கக் கேடாகக் கருதப்பட்டது. அவ்வாறு செய்தவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படலாம். ஏமாற்றுக்காரனுக்குத் துணை போகாதிருக்க ஏற்பட்ட விதி இது. ஆயினும், கிராமத்துத் தொண்டர் ஒருவர்க்குப் பயிற்சியளித்து, அவர்க்குப் பின்னின்று உதவ விரும்பும் நல்ல மருத்துவரையும் இதே விதி தயங்க வைத்தது. நம் கதையின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய மருத்துவ முறைகளைப் பயின்றோர்க்கு அப்பதிவேட்டில் இடமில்லை. அவர்தம் குறை கேட்கச் சென்னை அரசாங்கம் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1923-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் அறிக்கையின் பயனாகச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது.

எல்.எம்.பி. மருத்துவர்கள்

அக்காலத்தில் மருத்துவர் இருவகையினர். கல்லூரியில் பயின்று பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோர் ஒரு வகை. மருத்துவப் பள்ளியில் குறுகிய காலம் பயின்று உரிமம் பெற்ற எல்.எம்.பி. மருத்துவர்கள் மற்றொரு வகை. சென்னை இராயபுரத்துப் பள்ளி பெரும்புகழ் பெற்றது. அதுவே பின்னர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கென்று தொடங்கிய பள்ளியும் எல்.எம்.பி. பள்ளியே. ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்து வீட்டுக்குள்ளேயே மாண்டுபோன பெண்களின் துயரைத் தீர்க்க எழுந்த பள்ளி அது. அங்குப் பயின்ற பெண்மணிகள் எண்ணற்ற தாய்மாரைக் காத்தனர். அது 1942-ஆம் ஆண்டில் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது.

சென்னை மாகாண அரசாங்கம் 1920-களில் மற்றொரு நல்ல முயற்சியையும் செய்தது. மருத்துவர்கள் கிராமங்களில் குடியேறினால் அவர்க்கு ஆண்டுதோறும் ஒரு சிறு உதவித் தொகையும் மருந்தும் அளிப்பது. ஏழைகட்கு அவர் இலவசமாக மருத்துவம் செய்வது. வசதியுள்ளோரிடம் கட்டணம் பெற்றுக்கொள்வது என்பதே திட்டம். சம்பளக்காரரும் அல்லர், முழுத் தொண்டரும் அல்லர். பாதி அறமும் பாதித் தொழிலுமாய் அவர் வாழ்ந்தார்.

இந்நிலையில் 1943-ஆம் ஆண்டில் சர் ஜோசப் போர் தலைமையில் இந்திய அரசாங்கம் ஒரு சுகாதாரக் குழுவை அமைத்தது. நம் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அதன் உறுப்பினருள் ஒருவர். 1946-ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் அறிக்கையின்படி, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த மருத்துவர் 47,524 பேர். அவருள் பட்டதாரிகள் 17,654 பேர். மற்ற 29,870 பேரும் எல்.எம்.பி. போன்ற உரிமம் பெற்றோர். ஏறக்குறைய 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவர் என்பதே நாட்டின் நிலை.

மருத்துவருள் ஐவரில் மூவர் உரிமம் பெற்றோராய் இருந்த நாட்டில், இனி ஒரே வகை மருத்துவர் போதும், அவர் முழுப் பட்டம் பெற்றவராக இருத்தல் வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. ஏழைக்கு ஒரு தரம், செல்வனுக்கு ஒரு தரம் என இரண்டு வகை மருத்துவம் சுதந்திர நாட்டில் கூடாது என்ற எண்ணம் போற்றத் தக்கதே. ஆனால், நாட்டின் தேவை இவ்வளவு பெரிதாயிருக்கும்போது குறுகிய படிப்பை நிறுத்தலாகாது என்று குழுவிலேயே சிலர் மாற்றுக் கருத்து எழுதி வைத்தனர். அவர் சொல் எடுபடவில்லை. பள்ளிகள் சில கல்லூரிகளாயின, மற்றவை மூடப்பட்டன. தரம் உயர்ந்தது, ஆனால் உயர்ந்த தரத்தினர் நகரத்தை விட்டு நகரவில்லை.

அதன்பின் 1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவக் கழகச் சட்டம் இயற்றப்பட்டது. 1964-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், மாநிலப் பதிவேட்டில் பெயரில்லாத எவரும் மருத்துவத் தொழில் செய்யலாகாது என்று முதன்முறையாக நாடு முழுதுக்கும் பொதுவாகத் தடுத்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சலுகையாகத் தொடங்கிய பதிவு, ஐம்பது ஆண்டுகளில் வேலியாக மாறியது.

வேலிக்குள் ஒரு வாயில்

வேலி கட்டியாயிற்று, வேலிக்கு அப்பால் இருந்த இலட்சக்கணக்கான ஊர்கள் என்ன செய்யும்? இக்கேள்விக்கு விடை தேடி 1970-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்து ஜாம்கேடுக்கு வந்தனர் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளேயும் அவர் மனைவியார் டாக்டர் மேபெல் ஆரோளேயும். இருவரும் நம் வேலூரில் மருத்துவம் பயின்றவர்கள். வறட்சி மிகுந்த அவ்வட்டாரத்தில் அவர்கள் ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்றுவித்தனர். அப்பெண்களுள் பலர் எழுத்தறியாதவர். தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியினரும் அவருள் இருந்தனர். கர்ப்பிணியைக் கவனித்தல், பிரசவத்தில் துணை நிற்றல், பேதியான குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஊட்டுதல், ஆபத்தின் அறிகுறி கண்டதும் மருத்துவமனைக்கு அனுப்புதல் ஆகியவை அவர் பணி. தொடர்ந்து நடந்த வகுப்புகளும், ஊர்தோறும் வந்து பார்வையிட்ட மருத்துவக் குழுவும் அவர்க்குத் துணை. இத்தம்பதியர்க்கு 1979-ஆம் ஆண்டில் மகசேசே விருது கிடைத்தது.

இத்தகைய முயற்சிகளையும், சீன நாட்டின் வெறுங்கால் மருத்துவர் முறையையும் எண்ணிப் பார்த்த காலம் அது. 1975-ஆம் ஆண்டில் ஸ்ரீவாஸ்தவா குழு, மக்களிடையேயிருந்தே சுகாதாரத் தொண்டர்களை உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1977-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, ஜனதா அரசாங்கம் அத்திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரம் மக்களுக்கு ஒருவர். அவரை ஊராரே தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று மாதப் பயிற்சி. மாதம் ஐம்பது ரூபாய் மதிப்பூதியம். கைப்பெட்டியில் எளிய மருந்துகள். மருத்துவர் சங்கத்தார் இதனை எதிர்த்தனர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் முதலிய மாநிலங்கள் தொடக்கத்தில் இத்திட்டத்தில் சேரவில்லை.

இத்தொண்டர்க்குச் சட்டத்தில் இடம் கிடைத்த விதம் சுவையானது. மருத்துவப் பதிவுச் சட்டத்தை எவரும் தொடவில்லை. மருந்துச் சட்டத்தின் வழியாக ஒரு சிறு வாயில் திறக்கப்பட்டது. 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி மருந்து விற்பதற்கு மட்டுமன்று, வைத்திருந்து விநியோகிப்பதற்கும் உரிமம் வேண்டும். அச்சட்டத்தின் கீழ் 1945-ஆம் ஆண்டில் எழுந்த விதிகளில் 'கே' அட்டவணை என்று ஒன்றுண்டு. உரிமம் வேண்டாத இடங்கள் எவை என்று சொல்லும் பட்டியல் அது. அதில், சுகாதார நிலையப் பணியாளர், துணைச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோருடன் ஊரகச் சுகாதாரத் திட்டத்தின் தொண்டரும் சேர்க்கப்பட்டனர். நிபந்தனை ஒன்றே: அம்மருந்து அரசாங்கத்தின் சுகாதாரத் திட்டத்தின்கீழ் வழங்கப்படுவதாக இருத்தல் வேண்டும். ஓர் அட்டவணையின் ஒரு வரியால், ஊர்த் தொண்டர் கையில் மாத்திரை இருப்பது குற்றம் ஆகாமல் போயிற்று. நாடாளுமன்றச் சட்டங்களைவிட இவ்வொரு வரி ஏழைகட்கு மிகுதியாக உதவியது எனலாம்.

ஆயினும் திட்டம் நெடுநாள் செழிக்கவில்லை. தாயையும் சேயையும் காக்க வேண்டிய பணிக்குப் பெரும்பாலும் ஆண்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஊரார் தேர்வு என்பது பல இடங்களில் ஊர்ப் பெரியதனக்காரரின் தேர்வாக முடிந்தது. மருந்து ஒழுங்காக வரவில்லை. பயிற்சிக்குப் பின் மேற்பார்வை இல்லை. தொண்டர் என்று பெயர் சூட்டி, ஊழியர் போல் வேலை வாங்கியதால், அவர்கள் ஊதியங் கேட்டுச் சங்கம் அமைத்தனர், நீதிமன்றமும் சென்றனர். வாயில் திறந்தது, ஆனால் வாயிலில் காவலும் இல்லை, விளக்கும் இல்லை.

அன்பு மட்டும் போதாது

தொண்டு நோக்கம் இருந்தால் விதி வேண்டா என்று கருதுவோர், குர்ஜாவில் நிகழ்ந்ததை நினைத்தல் வேண்டும். உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவில் 1986-ஆம் ஆண்டில் ஒரு தொண்டுச் சங்கத்தார் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தினர். அறுவை செய்தோர் தகுதியற்றவர் அல்லர், மருத்துவர்களே. 108 பேர்க்கு அறுவை நடந்தது; அவருள் 88 பேர்க்குக் கண்புரை நீக்கப்பட்டது. அந்த 88 பேரில் 84 பேர் அறுவை செய்யப்பட்ட கண்ணை அடியோடு இழந்தனர். அறுவையின்போது பயன்படுத்திய உப்புக் கரைசலின் வழியே கிருமி புகுந்ததே காரணமெனக் கருதப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1989-ஆம் ஆண்டில் வந்த தீர்ப்பு, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீட்டுத் தொகை வழங்கச் செய்ததோடு, இத்தகைய முகாம்களில் தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் உரிய விதிகள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது.

இந்நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. இலவசமாகச் செய்தோம் என்பது கண்ணிழந்த கிழவிக்கு ஆறுதல் ஆகாது என்பது ஒன்று. உரிமம் பெற்றவர் செய்தார் என்பதும் முழுக் காப்பு ஆகாது என்பது மற்றொன்று. உரிமம் மனிதரைப் பார்க்கிறது. கரைசலையும் கருவியையும் இடத்தையும் பார்ப்பது வேறு விதி. இரண்டும் சேர்ந்தாலன்றி நோயாளிக்குப் பாதுகாப்பு இல்லை.

இதற்கு நேர்மாறான நல்ல சான்று நம் இரயில்வேயிலேயே உண்டு. 1991-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள், இம்பாக்ட் இந்தியா என்னும் அறக்கட்டளை இந்திய இரயில்வேயின் துணையோடு 'ஜீவன் ரேகா' என்னும் மருத்துவமனை வண்டியை ஓடவிட்டது. மூன்று பெட்டிகளோடு புறப்பட்ட அவ்வண்டி, பிற்காலத்தில் ஏழு பெட்டிகளாக வளர்ந்தது. அது முதலில் சென்று நின்ற இடம், அன்று பீகாரிலும் இன்று ஜார்க்கண்டிலும் உள்ள கலாரி. கண்புரை, பிளவுபட்ட உதடு, இளம்பிள்ளை வாதத்தால் வளைந்த கால், கேட்காத செவி ஆகியவற்றிற்கு ஊதியம் பெறாத மருத்துவர்கள் அவ்வண்டியில் இலவசமாக அறுவை செய்தனர். அறுவை செய்யும் அரங்கும், கிருமி நீக்கும் கருவியும் வண்டியோடு கூடவே சென்றன. பந்தலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பதிலாக, எங்குச் சென்றாலும் மாறாத ஒரே அரங்கு.

பம்பாயில் பதிவு பெற்ற மருத்துவர் பீகாரில் கத்தி எடுக்கலாமா? எடுக்கலாம் என்றது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயருள்ளவர் நாட்டின் எப்பகுதியிலும் தொழில் செய்யலாம் என்று அதன் 27-ஆம் பிரிவு கூறியது. அயல்நாட்டு மருத்துவர் அறப்பணிக்கு வந்தால், அவர் சேர்ந்துள்ள நிறுவனத்துக்குள் மட்டும், குறித்த காலத்துக்கு மட்டும் பணி செய்யலாம் என்று 14-ஆம் பிரிவு வழி வைத்தது. அமெரிக்க நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி உரிமம் வழங்குவதால், வேறு மாநிலத்து மருத்துவர் இலவச முகாமுக்கு வருவதே சிக்கலாயிருந்தது. டென்னசி மாநிலம் 1995-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியே அத்தகைய தொண்டர்க்கு வழி திறந்தது. இவ்வகையில் நம் சட்டம் முந்தியது என்று நாம் மகிழலாம்.

கட்சிரோலியின் பெண்கள்

நாம் வாழும் நாகபுரிக்குத் தென்கிழக்கே, காடும் பழங்குடி மக்களும் மிகுந்த கட்சிரோலி மாவட்டம் உள்ளது. இந்த நாகபுரியில் மருத்துவம் பயின்ற டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்னும் தம்பதியர் 1986-ஆம் ஆண்டில் அங்கே 'சர்ச்' என்னும் தொண்டு நிறுவனத்தை நிறுவினர். பிறந்த ஒரு மாதத்துக்குள் குழந்தைகள் இறப்பதைக் கண்ட அவர்கள், 39 ஊர்களில் ஊர்ப் பெண்களைப் பயிற்றுவித்தனர். பிறந்த குழந்தையை எடை போடவும், மூச்சை எண்ணவும், கதகதப்பாக வைக்கவும் அப்பெண்கள் கற்றனர். இரத்தத்தில் நச்சுக் கிருமி பரவிய அறிகுறிகள் தோன்றினால், முதலில் மருத்துவமனைக்குச் செல்லுமாறு கூறினர். பெற்றோரால் செல்ல இயலாதபோது, அவர் ஒப்புதலோடு ஜென்டாமைசின் என்னும் மருந்தை ஊசி மூலம் செலுத்தினர்.

ஊசி போடுவது மருத்துவரின் தனியுரிமை என்றிருந்த நாட்டில் இது பெரிய துணிவு. ஆனால் அது கண்மூடித் துணிவன்று. எவ்வெவ் அறிகுறி இருந்தால், எத்தனை எடைக்கு எவ்வளவு மருந்து என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. மருத்துவர் வந்து பதிவுகளைச் சரிபார்த்தார். ஒப்பிடுவதற்கென 47 ஊர்கள் தனியே கணக்கெடுக்கப்பட்டன. 1999-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் முடிவு வெளியாயிற்று. ஒப்பிட்ட ஊர்களை நோக்க, பயிற்சி பெற்ற பெண்கள் பணியாற்றிய ஊர்களில் பச்சிளங் குழந்தைகளின் இறப்பு 62 விழுக்காடு குறைந்திருந்தது.

2005-ஆம் ஆண்டில் தோன்றிய 'ஆஷா' என்னும் ஊர்ப் பெண்தொண்டர் திட்டம், முன்னைய அனுபவங்களிலிருந்து பலவற்றைக் கற்றது. ஆண்களுக்குப் பதிலாகப் பெண்கள்; ஒரே முறைப் பயிற்சிக்குப் பதிலாகத் தொடர்ந்த பயிற்சி. 2011-ஆம் ஆண்டில், பிறந்த குழந்தையை வீடு தேடிச் சென்று கவனிக்கும் பணியும் அவர்க்குத் தரப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இப்பெண்களைப் பாராட்டி விருதளித்தது. ஆனால் ஊசி அவர் கைக்குச் செல்லவில்லை. 2014-ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, மருத்துவமனைக்கு அனுப்ப இயலாத நிலை போன்ற குறித்த சூழல்களில் ஜென்டாமைசின் செலுத்தத் துணைச் செவிலியர்க்கு அனுமதி அளித்தது. கட்சிரோலியின் முடிவு வெளிவந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, விதி ஒரு படி இறங்கி வந்தது. விதி மெல்ல நடக்கும், நோய் காத்திராது.

அளவான உரிமம்

மூன்றாண்டுப் படிப்பின் மூலம் ஊரக மருத்துவர்களை உருவாக்க அஸ்ஸாம் மாநிலம் 2004-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. மத்தியச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று உயர் நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் அதனைச் செல்லாதாக்கியது. அம்மாநிலம் சோர்ந்து விடவில்லை. அவ்வாறு படித்தோரை மருத்துவர் என்னாது சமூகச் சுகாதாரப் பணியாளர் எனப் பெயரிட்டு, அவர் செய்யத்தக்க பணியை வரையறுத்து, 2015-ஆம் ஆண்டில் வேறு சட்டம் இயற்றியது. 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம், முதற்சட்டம் செல்லாது என்பதை உறுதி செய்து, இரண்டாம் சட்டம் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது.

இடையில் 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. அதன் 32-ஆம் பிரிவு, சமூகச் சுகாதாரப் பணியாளர்க்கு வரையறுத்த உரிமம் வழங்க இடமளிக்கிறது. முதல்நிலைச் சிகிச்சையிலும் நோய்த் தடுப்பிலும் குறித்த மருந்துகளை அவர் தாமே தரலாம். மற்றவற்றை மருத்துவரின் மேற்பார்வையில்தான் தரலாம். இதனை எதிர்த்து அவ்வாண்டில் மருத்துவர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அவர் அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. போலி மருத்துவர்கள் இவ்வாயிலின் வழியே புகுந்து விடுவர் என்பது பொய்யச்சம் அன்று. பதிவின்றித் தொழில் செய்வோர்க்கு அபராதம் ஐந்து இலட்சம் ரூபாய் வரை என்று அதே சட்டம் உயர்த்தியதும் அது பற்றியே.

இவ்வரலாறு முழுவதையும் நோக்கும்போது ஒன்று புலனாகிறது. சட்டம் நெடுங்காலம் "நீ யார்?" என்று மட்டுமே கேட்டு வந்தது. மருத்துவன் என்றால் எல்லாம் செய்யலாம். அல்லன் என்றால் ஒன்றும் செய்யலாகாது. இரயில்வேயில் நாங்கள் அவ்வாறு கேட்பதில்லை. பாயின்ட்ஸ்மேன் நிலைய அதிபர் ஆக வேண்டுவதில்லை. ஆனால் தகுதிச் சான்று இன்றி அவர் நெம்புகோலைத் தொடவும் முடியாது. எப்பணிக்குத் தகுதி, அதனைக் கண்காணிப்பவர் யார், மறுபயிற்சி எப்போது என்பதெல்லாம் எழுத்தில் உண்டு. எளிய படிப்புடைய மனிதரின் கையில் ஆயிரம் பயணிகளின் உயிரை ஒப்படைக்க எங்களுக்குத் துணிவு தருவது இவ்வொழுங்கே. ஜாம்கேடும் கட்சிரோலியும் வென்றது இதே ஒழுங்கினால். 1977-ஆம் ஆண்டுத் திட்டம் தளர்ந்தது இஃது இல்லாமையால்.

ஆகவே, தொண்டுக்கும் உரிமம் வேண்டுமோ என்னும் வினாவுக்கு வேண்டும் என்பதே என் விடை. ஆனால் அவ்வுரிமம் பணியின் அளவுக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். சிறு பணிக்குச் சிறு உரிமம், அதற்கேற்ற பயிற்சி, பின்னின்று பொறுப்பேற்கும் ஒரு மருத்துவர். இவற்றை மறுப்பது, ஒருவரும் செல்லாத ஊர்களைப் போலி வைத்தியர்க்கே எழுதிக் கொடுப்பதாகும்.

சங்க அன்பர்கள் மருத்துவ முகாம் நடத்தும்போது சிலவற்றைக் கடைப்பிடிப்பது நலம். வரும் மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டு எழுதி வைப்பதில் அவமதிப்பு ஒன்றும் இல்லை. நல்ல மருத்துவர் அதனை விரும்பவே செய்வார். மருத்துவர் தம் நோயாளிக்குத் தரும் மருந்துக்கு விதியில் விலக்கு உண்டு. உறுப்பினராகிய நாமே பெட்டியைத் திறந்து மாத்திரை வழங்குவதற்கு அவ்விலக்கு இல்லை. ஆகவே மருந்தை மருத்துவர் கையாலேயே தரச் செய்வோம். காலாவதித் தேதியை ஒவ்வொரு அட்டையிலும் பார்ப்போம். அறுவை எதனையும் பந்தலில் செய்யவிடாது, உரிய மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்வோம். முகாம் முடிந்த மறுவாரம், வந்தவர் எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க இருவரை நியமிப்போம். நாகபுரியின் குடிசைப் பகுதிகளில் நம்மை நம்பி வரிசையில் நிற்கும் ஏழை, தமிழராயினும் மராத்தியராயினும், நம் சங்கத்தின் பெயர்ப்பலகையை நம்பியே கண்ணையும் கையையும் நீட்டுகிறார். அந்நம்பிக்கைக்கு ஈடாக நாம் கொடுக்கக் கூடியது கவனம் ஒன்றே. அதனைக் குறைவின்றிக் கொடுப்போமாக.